மாரியில் கேக் அடிக்க எந்த அடுப்பு? வன்னி வீடுகளுக்கு நான்கு வழிகள்

கார்த்திகை விளக்கீடு முடிந்த கையோடு இந்தக் கேள்வி தொடங்கிவிடும்: "இந்த நத்தாருக்கு வீட்டிலேயே கேக் அடிக்கப்போறம். ஓவன் ஒண்டு வாங்கலாமோ, மணல் சட்டி காணுமோ, இல்லாட்டி பேக்கரியில குடுத்துச் சுட்டு எடுப்பமோ?" கிளிநொச்சி நகரத்தில் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கும் முத்தையன்கட்டில் வயல்கரையில் இருக்கும் வீட்டுக்கும் ஒரே பதிலைச் சொன்னால் யாரோ ஒருவரின் காசு வீணாகும். அதனால் நான்கு வழிகளையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்போம்: மின் ஓவன், மணல் சட்டி (அடியில் மணல் பரப்பிச் சூடாக்கி, உள்ளே கேக் தட்டை வைத்து மூடிச் சுடும் சட்டி), வளவில் கட்டும் மண் போறணை (விறகெரித்துச் சூடாக்கும் பாண் அடுப்பு), ஊர் பேக்கரியின் போறணை.

முதலில் ஒரு நல்ல செய்தி. வன்னியில் கேக் அடிக்க ஆகச் சிறந்த காலம் மார்கழி நடுவிலிருந்து தை முடியும்வரைதான். சித்திரை வெக்கையில் பட்டரும் சீனியும் அடிக்கும்போது பட்டர் உருகி எண்ணெயாய்ப் போகும், காற்றைப் பிடித்து வைக்காது. பனிக்காலத்து விடியற்புறத்தில் குசினிக்குள் சூடு இருபது பாகைக்குச் சற்று மேலேதான் நிற்கும். பட்டரை விரலால் அழுத்தினால் பள்ளம் விழும், ஆனால் விரலில் ஒட்டி வழியாது. பட்டர் அடிக்க வேண்டிய பதம் அதுதான். காலை ஆறு மணிக்கு அடிக்கத் தொடங்குங்கள். வெளுத்துப் பொங்கி வர, கையால் அடித்தால் இருபது நிமிடம் வரை போகும். மெஷினில் எட்டு நிமிடம் போதும்.

மாரியின் கெட்ட பக்கம் ஈரம். விறகு, மணல், மா, மின்கம்பி, ஓவனின் சூட்டுக்கம்பி என்று எல்லாவற்றிலும் அது ஏறும். கீழே சொல்லப்போகும் பிழைகளில் பாதிக்கு மேல் ஈரத்தால் வருபவை.

## எதை வைத்து அளப்பது

சூடு எவ்வளவு, எவ்வளவு நேரம். இதுதான் தலையாயது. பட்டர் கேக்குக்கு 170 முதல் 180 பாகை செல்சியஸ் சூட்டில் 45 முதல் 55 நிமிடம் வேண்டும். ரவை, கஜு, முந்திரிகை வத்தல், சீனிப்பாகில் ஊறிய பூசணியும் இஞ்சியும் போட்ட ரிச் கேக்குக்கு 140 முதல் 150 பாகையில் இரண்டரை தொடக்கம் மூன்று மணித்தியாலம். பாணுக்கு 220 பாகைக்கு மேல், அரை மணித்தியாலம். சூட்டை உண்டாக்குவது எந்த அடுப்புக்கும் இலகு. மூன்று மணித்தியாலம் ஏறாமல் இறங்காமல் 150இல் வைத்திருப்பதில்தான் அடுப்புகளின் வித்தியாசம் தெரியும்.

மேல்சூடு. கீழிருந்து மட்டும் சூடு வந்தால் அடி கருகும், மேல் வெளிறிப் பிசுபிசுக்கும்.

இடையில் நின்றால் என்ன ஆகும். நத்தார் வாரமும் வடகீழ்ப் பருவமழையும் ஒன்றாகவே வரும். 2018இல் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் ஏறியது டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில். 2020இல் புரெவி புயல் வந்தது டிசம்பர் முதல் வாரத்தில். கறண்ட் நிற்கலாம், காஸ் வண்டி வராமல் போகலாம் என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும்.

முழுச் செலவு. வாங்கும் விலையோடு வயரிங், விறகு, போக்குவரத்து, பிழையாகிப்போகும் ஒரு கேக்கின் சாமான் விலை எல்லாம் சேரும். பத்து முட்டை மஞ்சட்கரு, கால் கிலோ கஜு போட்ட கேக் ஒன்று கருகினால், அந்த நட்டமே ஒரு மணல் சட்டியின் விலையை மிஞ்சும்.

வருடத்தில் எத்தனை முறை. நத்தார், வருடப்பிறப்பு, ஒரு பிறந்தநாள் என்று மூன்று முறையா, வாரம் ஒருமுறை ஓடருக்குச் செய்வதா? ஓவன் வாங்குவதைத் தீர்மானிக்க வேண்டியது இந்த எண்தான். பக்கத்து வீட்டில் ஓவன் இருப்பது ஒரு காரணமே இல்லை.

| | மின் ஓவன் (30–40 லீற்றர்) | மணல் சட்டி | மண் போறணை | ஊர் பேக்கரி |
|---|---|---|---|---|
| 150 பாகையில் 3 மணித்தியாலம் | நன்று | கவனித்தால் நன்று | தானே இறங்கும் சூடு. நேரம் பார்த்து வைக்க வேண்டும் | மிக நன்று |
| மேல்சூடு | உண்டு | தணல் வைத்தால் மட்டும் | உண்டு | உண்டு |
| கறண்ட் நின்றால் | வேலை நிற்கும் | பாதிப்பில்லை | பாதிப்பில்லை | விறகுப் போறணை என்றால் பாதிப்பில்லை |
| மாரி ஈரம் | சூட்டுக்கம்பியில் ஏறும் | மணலில் ஏறும் | சுவரிலும் விறகிலும் ஏறும் | உங்கள் பொறுப்பில்லை |
| ஒரு தடவைக்கு | ரிச் கேக்குக்கு 2 முதல் 2.5 அலகு | காஸ் 300 முதல் 400 கிராம் | விறகு 15 முதல் 20 கிலோ | கூலியும் போக்குவரத்தும் |
| ஒரே நேரத்தில் | ஒன்று அல்லது இரண்டு கேக் | ஒன்று | நான்கு, ஐந்து | எத்தனையும் |
| யாருக்கு | அடிக்கடி செய்பவருக்கு | வருடத்தில் சில தடவை செய்பவருக்கு | பாணும் சுடும் வீட்டுக்கு, கூட்டாகச் செய்பவருக்கு | பண்டிகைக்கு மொத்தமாகச் செய்பவருக்கு |

## மின் ஓவன்

சொன்ன சூட்டைச் சொன்ன நேரம் வைத்திருப்பதில் இதற்கு நிகர் இல்லை. மேல்கம்பி, கீழ்க்கம்பி இரண்டையும் தனித்தனியே போடலாம். வாரத்தில் ஒன்றுக்கு மேல் கேக் அடிப்பவர், ஓடர் எடுப்பவர், ஒரே அளவில் ஒரே நிறத்தில் கேக் வர வேண்டியவர் யோசிக்காமல் வாங்கலாம்.

ஆனால் விலைச்சீட்டில் இல்லாத செலவுகளைப் பாருங்கள். 1600 வாற்று ஓவன் 230 வோல்ற்றில் 7 அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளிலும் வீட்டுத்திட்ட வீடுகள் பலவற்றிலும் குசினியில் இருப்பது 5 அம்பியர் வட்டமுனைப் பிளக். அதில் அடப்டர் போட்டு ஓவனைக் கொழுவினால் முதல் அரை மணித்தியாலத்தில் ஒன்றும் தெரியாது. ரிச் கேக் வேகும் மூன்றாவது மணித்தியாலத்தில் பிளக் உருகி மணக்கும். மெயின் பெட்டியிலிருந்து குசினிக்குத் தனி வயர் இழுத்து 13 அம்பியர் பிளக் போடும் செலவை ஓவன் விலையோடு கூட்டிக் கணக்குப் பாருங்கள்.

அடுத்தது வோல்ற்றேஜ். லைனின் கடைசியில் இருக்கும் கிராமங்களில் பின்னேரம் எல்லா வீட்டிலும் விளக்கும் மோட்டரும் ஓடும்போது 230 இருக்க வேண்டிய இடத்தில் 200தான் வரும். சூட்டுக்கம்பி தரும் வெப்பம் வோல்ற்றேஜின் வர்க்கத்தோடு குறைவதால், 200 வோல்ற்றில் 1600 வாற்று ஓவன் 1200 வாற்றுக்குத்தான் வேலை செய்யும். பட்டர் கேக் பொங்க வேண்டிய முதல் இருபது நிமிடத்தில் இந்தச் சூடு காணாது. விடியற்காலை அல்லது முற்பகலில் சுடுவது இதற்கு மருந்து.

மின்பட்டியலிலும் ஒரு பொறி இருக்கிறது. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்குக் குறைந்த விகிதம். 60ஐத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய விகிதம், நிலையான கட்டணமும் ஏறும். வழமையாக 55 அலகு பாவிக்கும் வீட்டில் இரண்டு ரிச் கேக்கும் நான்கு பட்டர் கேக்கும் சுட்டால் எட்டு, ஒன்பது அலகு கூடும். அந்த ஒன்பது அலகுக்கான காசு மட்டுமல்ல, முழுப் பட்டியலும் ஏறி வரும். மீற்றர் வாசிப்பவர் வந்து போகும் திகதியைப் பார்த்து, பாதிச் சமையலை அடுத்த மாதக் கணக்கில் விழுத்துவது கெட்டித்தனம்.

இன்னொன்று, மாரிக்கே உரியது. ஆறு மாதம் சும்மா கிடந்த ஓவனை மழைக்காலத்தில் போட்டதும் ரிப் சுவிச் விழும். ஓவன் பழுதென்று பலர் நினைப்பார்கள். பெரும்பாலும் சூட்டுக்கம்பிக்குள் இருக்கும் வெள்ளைத்தூள் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அதன் வழியே மின் எர்த்துக்குக் கசியும். வெயில் எறிக்கும் நாளில் கதவைத் திறந்து காயவிட்டுப் பாருங்கள். மறுபடியும் விழுந்தால் மின்வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். ரிப் சுவிச்சை விலக்கி நேரே லைன் கொடுப்பது உயிரோடு விளையாட்டு. ஓவன் உள்ளவர்கள் மாரி முழுக்க மாதம் ஒருமுறையாவது அரை மணித்தியாலம் வெறுமனே சூடாக்கி வைத்தால் இந்தத் தொல்லை வராது. பல்லியும் எலியும் குடியேறுவதும் நிற்கும்.

சிறிய ஓவன்களில் குமிழ் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் இருபது பாகை வரை வேறுபடும். ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள். கேக்கின் நடு கூம்பி வெடித்தால் சூடு அதிகம். நடு பள்ளமானால் வேகவில்லை, அல்லது நேரத்தோடு கதவைத் திறந்துவிட்டீர்கள்.

## மணல் சட்டி

வன்னி வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். காரணம் விலை மட்டுமல்ல. மணல் சூட்டை மெல்ல வாங்கி மெல்ல விடும். காற்றடித்து நெருப்பு ஏறி இறங்கினாலும் கேக்குக்கு அது போய்ச் சேராது. ரிச் கேக் கேட்கும் நிதானம் மணலுக்கு இயல்பிலேயே உண்டு. 2022இல் காஸ் கிடைக்காமல் ஊரே விறகுக்குத் திரும்பியபோதும் மணல் சட்டி வைத்திருந்தவர்களால் கேக் சுட முடிந்தது, ஏனென்றால் அதற்குக் காஸும் ஒன்று, தணலும் ஒன்று.

அளவுகள் இவை. 20 சென்ரிமீற்றர் விட்டமும் 8 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள வட்டக் கேக் தட்டுக்கு, உள்விட்டம் 31 சென்ரிமீற்றரும் ஆழம் 18 முதல் 20 சென்ரிமீற்றரும் உள்ள தடித்த அலுமினியச் சட்டி வேண்டும். சதுரத் தட்டு வேண்டாம், மூலைகள் சட்டிச் சுவரைத் தொட்டுக் கருகும். அடியில் 3 சென்ரிமீற்றர் மணல். கிட்டத்தட்ட மூன்றரைக் கிலோ பிடிக்கும். மணலுக்கு மேல் 2 சென்ரிமீற்றர் உயரத்தில் கம்பி வளையம் அல்லது மட்டமான மூன்று கல். தட்டை நேரே மணலில் புதைத்தால் அடி கரியாகும்.

மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். அரித்து, தண்ணீர் தெளியும்வரை கழுவி, உலர்த்தி வையுங்கள். கடல் மணல் கூடாது: அதன் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், அலுமினியத்தையும் தின்னும். முல்லைத்தீவுக் கரையோரத்து வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும், வாசலில் கிடக்கும் மணல் அந்த மணல்தான்.

இப்போது ஆகப் பெரிய பிழைக்கு வருவோம். மாரியில் மூலையில் கிடந்த மணலை அப்படியே சட்டியில் கொட்டி அடுப்பில் வைப்பார்கள். மணலில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 பாகையைத் தாண்டாது. அடுப்பு எரியும், நேரம் போகும், கேக் வேகாமல் அவிந்து கிடக்கும். எடுத்துப் பார்த்தால் களி. எனவே முதலில் மூடாமல், அகப்பையால் கிளறிக் கிளறி மணலை வறுத்தெடுங்கள். ஆவி வருவது நின்று, மணல் அகப்பையில் ஒட்டாமல் சரசரவென்று ஓட வேண்டும். அதற்குப் பிறகு மூடி வைத்து 20 முதல் 25 நிமிடம் நடுத்தர நெருப்பில் சூடாக்குங்கள்.

சூடு பதமா என்று பார்க்க ஒரு தேக்கரண்டி கோதுமை மாவைத் தகரமூடி ஒன்றில் தூவி உள்ளே வைத்து ஐந்து நிமிடம் மூடுங்கள். மா இலேசாக நிறம் மாறியிருந்தால் 150ஐ ஒட்டிய சூடு, ரிச் கேக் வைக்கலாம். பொன்னிறமானால் 180ஐ ஒட்டியது, பட்டர் கேக்குக்குச் சரி. கடும் பழுப்பானால் 200ஐத் தாண்டிவிட்டது. நெருப்பைக் குறைத்து மூடியைத் திறந்து பத்து நிமிடம் விட்டு மீண்டும் பாருங்கள்.

மேல்சூட்டுக்கு, விளிம்புள்ள தகரத்தட்டால் மூடி அதன்மேல் சிரட்டைத் தணலைப் பரப்புங்கள். பனை உள்ள வளவென்றால் ஊமல் தணலும் மிக நல்லது. விறகடுப்பில் வைக்கும்போது மேலே தணல் கூடவும் கீழே குறையவும் இருக்க வேண்டும். எரியும் கொள்ளியை இழுத்துவிட்டுத் தணலில்தான் சுட வேண்டும். நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேல்தணலைப் புதுப்பிக்க வேண்டும். திறக்கும்போது தணல் உள்ள மூடித்தட்டை நேரே மேலே தூக்கி எடுங்கள். சரித்தால் சாம்பல் கேக்கில் கொட்டும்.

காஸ் அடுப்பில் மட்டும் சுட்டால் மேல் வெளிறித்தான் இருக்கும். ரிச் கேக்கைக் கவிழ்த்து வெட்டிச் சுற்றிவிடுவதால் அது குறையே அல்ல. மூடியில் ஆவி பிடித்துச் சொட்டுவதுதான் குறை. மூடியின் ஓரத்தில் ஒரு ஈர்க்குத் துண்டைச் செருகி இம்மி இடைவெளி விட்டால் சொட்டாது. ஓவனில் ஆகும் நேரத்தைவிட இதில் கால் பங்கு கூடப் பிடிக்கும்.

மறைந்த செலவு இங்கேயும் உண்டு. கண்ணாடி மேற்தட்டுக் காஸ் அடுப்பில் அகலச் சட்டியை மூன்று மணித்தியாலம் வைக்காதீர்கள். சட்டியின் அடியில் தெறிக்கும் வெப்பம் கண்ணாடியை வெடிக்க வைக்கும், குமிழ்களையும் உருக்கும். இரும்புத் தட்டு அடுப்பு அல்லது வெளியே வைக்கும் ஒற்றை அடுப்புப் பொருத்தம். சிலிண்டரில் காஸ் எவ்வளவு மிச்சம் என்று தொடங்கும் முன்பே நிறுத்துப் பாருங்கள்: வெற்றுச் சிலிண்டரின் எடை அதன் கழுத்தில் அடித்திருக்கும், அதைக் கழித்தால் மிச்சம் தெரியும். ஒரு கிலோவுக்குக் குறைந்தால் ரிச் கேக்கைத் தொடங்க வேண்டாம்.

## வளவில் மண் போறணை

பாணும் பணிஸும் சேர்த்துச் சுடும் பெரிய குடும்பம், கூட்டாகச் சமைக்கும் மாதர் சங்கம், கோயில் அல்லது தேவாலய வளவு போன்ற இடங்களுக்கு இது அருமையானது. ஒரு கேக்குக்காகக் கட்டாதீர்கள். ஒரு கேக் சுட்டாலும் ஐந்து சுட்டாலும் விறகு அதே 15, 20 கிலோதான்.

மாரி தொடங்கிய பிறகு கட்ட நினைப்பவர்களுக்கு நேரான பதில்: இந்த வருடம் விட்டுவிடுங்கள். தடித்த மண்சுவர் ஈரக்காற்றில் காயாது. காயாமல் நெருப்பு வைத்தால் பிளக்கும். வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் கட்டினால் மார்கழிக்குத் தயார்.

உள்விட்டம் 65 சென்ரிமீற்றர், உட்கூரை உயரம் 40 சென்ரிமீற்றர், வாயின் உயரம் 25 சென்ரிமீற்றர். வாயுயரம் கூரையுயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். கூடினால் சூடு ஓடிவிடும், குறைந்தால் நெருப்பு மூச்சடைத்துப் புகையும். தளத்துக்குச் செங்கல்லை மணற்படுக்கையில் சீமெந்து இல்லாமல் அடுக்குங்கள். சுவருக்குப் புற்றுமண் சிறந்தது, கறையான் கைவிட்ட பழைய புற்றாகப் பார்த்து எடுங்கள்; பாம்பு குடியிருக்கும் புற்றை எவரும் தொடுவதில்லை, தொடவும் வேண்டாம். மண்ணையும் மணலையும் குழைத்து உருண்டை பிடித்துத் தோள் உயரத்திலிருந்து விழுத்துங்கள்: உதிர்ந்தால் மணல் அதிகம், அப்பமாய்த் தட்டையானால் தண்ணீர் அதிகம், உருவம் கெடாமல் நின்றால் பதம். உள்ளடுக்கு 10 சென்ரிமீற்றர் தடிப்பு. வெளியடுக்கில் உமியோ வைக்கோலோ சேருங்கள், சூடு வெளியேறாது. மேலே தகரக் கூரை உயர்த்திப் போடுங்கள், கிடுகு தீப்பிடிக்கும்.

வன்னியில் இதற்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு, இதை யாரும் இலேசாக எடுக்கக் கூடாது. குப்பை கொளுத்தும்போது நிலத்துக்குள் கிடந்த வெடிபொருட்கள் சூடேறி வெடித்த சம்பவங்கள் இங்கே நடந்திருக்கின்றன. போறணையை நிலத்தில் நேரே கட்டாமல் இடுப்பளவு மேடையில் கட்டுங்கள். மண்ணும் மணலும் விறகும் ஆட்கள் புழங்கும், கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த காணியிலிருந்து மட்டும் எடுங்கள். மண்டையோட்டுப் பலகை நிற்கும் பக்கம் போகவே வேண்டாம். தோண்டும்போது இரும்பு தட்டுப்பட்டால் வேலையை நிறுத்தி, தொடாமல் விலகி, 119க்குச் சொல்லுங்கள்.

எரிக்கும் முறை: பாலை, வீரை போன்ற வைரமான விறகின் விழுந்த கொப்புகள், காய்ந்த பனைமட்டை, சிரட்டை. இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் ஈரம். ஈர விறகின் புகையைக் கேக்கிலுள்ள பட்டர் அப்படியே பிடித்துக்கொள்ளும். அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகை அடுக்கிய பழைய வழக்கத்துக்கு இணையான உலர்த்தி இன்னும் இல்லை. மழை தொடர்ந்து பெய்திருந்தால் முதல்நாள் சின்ன நெருப்பு வைத்துச் சுவரை உலர்த்துங்கள். மறுநாள் இரண்டு, மூன்று மணித்தியாலம் எரிக்க, உட்கூரையின் கரி எரிந்து வெளுக்கும். தணலை வாரி வெளியே தள்ளி, ஈரச்சாக்குச் சுற்றிய தடியால் தளத்தைத் துடைத்து, வாயை மூடி அரை மணித்தியாலம் விடுங்கள். முதலில் பாண், அது இறங்கியதும் பணிஸ், பிறகு பட்டர் கேக், கடைசியில் ரிச் கேக். சூடு தானே இறங்கும் வரிசை அது. மாச்சோதனை இங்கேயும் உதவும். அவசரப்பட்டு ரிச் கேக்கை முதலில் வைத்தால் அரை மணித்தியாலத்தில் வெளியே கரி, உள்ளே கூழ்.

## ஊர் பேக்கரியில் கொடுத்துச் சுடுதல்

பத்துக் கிலோ கேக் அடித்துச் சொந்தம், அயல், வெளிநாட்டிலிருந்து வந்தவர் எல்லோருக்கும் கொடுக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பாண் சுட்டு முடிந்த விறகுப் போறணையின் இறங்குசூடு ரிச் கேக்குக்கென்றே அமைந்தது. தடித்த செங்கற்சுவர் அந்தச் சூட்டை மணித்தியாலக் கணக்கில் ஒரே சீராகத் தரும்.

போகுமுன் மூன்று விடயம் கேளுங்கள். போறணை விறகா, மின்னா, டீசலா? பாண் எத்தனை மணிக்கு இறங்கும்? கூலி தட்டுக்கா, கிலோவுக்கா? டிசம்பர் 20க்குப் பிறகு எல்லோரும் வருவார்கள். ரிச் கேக் ஊற ஊறத்தான் சுவைக்கும் என்பதால் பத்தாம் திகதியை ஒட்டிச் சுட்டுவிடுவது எல்லா வகையிலும் நல்லது.

பட்டர் கேக்கைக் கொண்டுபோக வேண்டாம். பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும். கிரவல் வீதியில் முக்கால் மணித்தியாலம் மோட்டார் சைக்கிளில் குலுங்கினால் காற்று போய்க் கேக் கல்லாகும். ரிச் கேக்குக்குப் பயணம் ஒன்றும் செய்யாது. தட்டின் உட்புறம் நான்கு அடுக்கு பிரவுண் பேப்பரும் அதன்மேல் எண்ணெய்த்தாளும் போடுங்கள், ஓரம் கருகாது. தட்டில் பெயரைக் கம்பியால் கட்டிவிடுங்கள். கடதாசியில் எழுதி ஒட்டினால் எரிந்துவிடும். மரக்கறி மட்டும் உண்ணும் வீடுகள், அதே போறணையில் மீன் பணிஸும் இறங்கும் என்பதை நினைவில் வைக்கட்டும்.

## கலந்து செய்வது

ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும் என்றில்லை. மடு, மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள்போல நத்தாருக்கு நிறையச் செய்பவர் ரிச் கேக்கைப் பேக்கரிக்குக் கொடுத்து, பட்டர் கேக்கை வீட்டில் மணல் சட்டியில் சுடலாம். வவுனியா நகரில் வாடகை வீட்டில் இருப்பவருக்கு வயரிங் மாற்ற வீட்டுக்காரர் விடமாட்டார் என்றால் ஓவன் பேச்சே வேண்டாம். ஓடர் எடுக்கத் தொடங்குபவர் முதல் நத்தாரை மணல் சட்டியோடும் பேக்கரியோடும் ஓட்டிப் பார்த்து, மாதம் நான்கு ஓடராவது நிலைத்த பிறகு ஓவனும் தனி வயரும் போடுவது காசுக்குப் பாதுகாப்பு. அடுப்போடு சேர்ந்து வரும் காஸ் ஓவன் பற்றியும் கேட்கிறார்கள்: ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பாவியுங்கள், கேக்குக்காகப் புதிதாக வாங்க வேண்டியதில்லை, 150 பாகைக்குக் கீழே நிலையாக நிற்பது பலவற்றில் கடினம்.

ஓவன் வைத்திருப்பவர்களும் மாரியில் ஒரு மணல் சட்டியைத் தயாராக வைத்திருங்கள். கறண்ட் நின்றதும் ஓவன் கதவைத் திறக்க வேண்டாம்; மெல்லிய தகரச்சுவருள்ள சின்ன ஓவன் கால் மணித்தியாலத்துக்குச் சூட்டைப் பிடிக்கும். உடனேயே சட்டியைச் சூடாக்கத் தொடங்குங்கள். பட்டர் கேக் முதல் இருபத்தைந்து நிமிடத்துக்குள் நின்றிருந்தால் நடு இறங்கிவிடும், அதை மீட்க முடியாது; முழுதாக வேகவைத்து, துண்டாக்கி, கஸ்ரட்டோடு புடிங்காக மாற்றுங்கள். ரிச் கேக் அப்படியல்ல. அதில் பொங்க வேண்டியது குறைவு, அரை மணித்தியாலம் தாமதித்தாலும் தாங்கும். சட்டிக்கு மாற்றி, நின்ற நேரத்தையும் அதற்குமேல் இன்னொரு அரை மணித்தியாலத்தையும் கூட்டி வையுங்கள். பிறகு நடுவில் ஈர்க்குக் குத்திப் பாருங்கள்; பழச்சாறு ஒட்டி வந்தால் பரவாயில்லை, மாக்கூழ் ஒட்டி வந்தால் இன்னும் இருபது நிமிடம்.